எட்டுக் கண்ணாடி ஃபியூஸ்

ஐயா, முதலில் ஒரு சின்ன விஷயம். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் மேஜைக்கு அடியில் கிடக்கிற ஸ்டெபிலைசர் சாகவில்லை. பின்பக்கம் கறுப்பாக ஒரு மூடி இருக்கும். அதைத் திருகினால் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குழாய் வெளியே வரும். அதை மாற்றினால் எழுந்து உட்கார்ந்துவிடும். ரெண்டு வருஷமாக அதன் மேல் டீ கிளாஸ் வைத்துக் குடிக்கிறார்கள் என்று கேட்டபோது மனசு சங்கடப்பட்டது. உயிருள்ளதைச் செத்ததாக எழுதி மூலையில் போடுவது எனக்குப் பிடிக்காது.

வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதுகிறேன் என்றேன். நீங்களும் பெருந்தன்மையாகத் தாள் கொடுத்தீர்கள். கூடவே ரைட்டர் முன்கூட்டி எழுதி வைத்த தாள் ஒன்றையும் காட்டினீர்கள். “பிரேதம் வைக்கும் ஃப்ரீசர் பெட்டியில் கவனக்குறைவாகத் தவறான ஃபியூஸைப் போட்டுவிட்டேன்” என்று அதில் இருந்தது.

“கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்கண்ணே. சொந்தக்காரங்க சமாச்சாரம், நாளைக்கு ஒக்காந்து பேசி முடிச்சுக்கலாம்” என்றீர்கள்.

போன தீபாவளிக்கு உங்கள் வீட்டு டிவியை நான்தான் சரிசெய்து கொடுத்தேன், அந்த நன்றி. நன்றியுள்ளவர்கள் அருகிப்போன காலத்தில் இது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த ‘கவனக்குறைவு’ தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. அதனால்தான் வீட்டுக்குப் போகாமல் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பெயர் நல்லதம்பி. பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருபத்தேழு வருஷமாக எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். டிவி, ஆம்ப்ளிபயர், இன்வெர்ட்டர், ஆஸ்பத்திரிச் சாமான் எல்லாம் பார்ப்பேன். பாதிப் பேர் கொண்டுவருகிற சாமானில் போயிருப்பது இந்தக் கண்ணாடி ஃபியூஸ் மட்டும்தான். ஊரில் பீஸ் என்பார்கள். பீஸ் போய்விட்டால் சிகரெட் டப்பா ஜிகினாத் தாளைச் சுற்றிச் சொருகிவிட்டு, வீடு பற்றி எரிந்ததும் கிரகம் சரியில்லை என்று கோயிலுக்கு ஓடுகிற ஜனங்கள் நம் ஜனங்கள். அவர்கள் நடுவில் நான் தொழில் செய்தேன்.

என் தொழிலைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்ல வேண்டும். கேசுக்கு அது வேண்டியிருக்கிறது. ஃபியூஸைக் கையில் எடுத்ததும் முதலில் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். உள்ளே கரி பிடித்துக் கறுத்திருந்தால் மிஷினில் பெரிய ஷார்ட் இருக்கிறது, புது ஃபியூஸ் போட்டாலும் அதுவும் போகும். கண்ணாடி தெளிவாக இருந்து நடுக்கம்பி மட்டும் அறுந்திருந்தால் ஒரு நொடி இழுத்த லோடு தாங்காமல் போயிருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, ரெண்டு முனையிலும் உள்ள உலோகத் தொப்பியை லென்ஸ் வைத்துப் படிக்க வேண்டும். எத்தனை ஆம்பியர் என்று பொடி எழுத்தில் இருக்கும். அதற்கு முன்னால் T என்றோ F என்றோ ஒரு எழுத்து இருக்கும். அதைத்தான் யாரும் படிப்பதில்லை. T பொறுமைசாலி. கம்ப்ரசர் மாதிரிச் சாமான் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு நொடி அதிகமாகக் கரண்ட் இழுக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளும். F முன்கோபி. அந்த ஒரு நொடியிலேயே அறுத்துக்கொண்டு போய்விடும். அளவு ஒன்று, ஆம்பியர் ஒன்று, பார்வைக்கும் ரெண்டும் ஒன்று. இருபத்தேழு வருஷத்தில் T போட வேண்டிய இடத்தில் நான் தெரியாமல் F போட்டதாக ஒருத்தன் சொல்லட்டும், கடையை மூடிவிடுகிறேன். நீங்கள் ஏற்கெனவே மூடி சீல் வைத்துவிட்டீர்கள், அது வேறு.

இனி எங்கள் அண்ணன் வீரய்யா. ஊருக்கே தெரிந்தவர். கிரஷர் வைத்திருந்தார், கல் உடைத்தார், அந்தத் தூசி நுரையீரலையும் உடைத்துவிட்டது. எங்கள் ஊர்க் கோயிலில் முதல் விபூதி எங்கள் வீட்டுக்கு. அப்பாவுக்குப் பிறகு அண்ணனுக்கு. தலையில் பரிவட்டம் கட்டி, விபூதி கொடுத்து, மைக்கில் பெயர் சொல்லுவார்கள். நான் அவருக்குப் பின்னால் நாலாவது வரிசையில் நிற்பேன். யாராவது ஒருத்தர் நாலாவது வரிசையிலும் நிற்கத்தானே வேண்டும்.

போன வைகாசித் திருவிழாவில், பரிவட்டம் கட்டுகிற நேரத்தில் மைக் செட் நின்றுபோனது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் ஓடிப்போய் ஆம்ப்ளிபயரைத் திறந்து ஃபியூஸ் மாற்றினேன். ரெண்டு நிமிஷம். மைக் உயிர் பெற்றது, ஜனங்கள் கைதட்டினார்கள். அண்ணன் அந்த மைக்கைக் கையில் வாங்கினார்.

“நம்ம தம்பி பீஸு போட்டுட்டான்யா. வேற எதுக்கும் ஆகாட்டியும் இதுக்கு ஆவான்” என்றார்.

ஊர் சிரித்தது. நாலு திசைக் குழாயிலும் சிரிப்புக் கேட்டது. நான் உயிர் கொடுத்த மைக்கில், நான் போட்ட ஃபியூஸ் வழியாகவே அந்த வார்த்தை போனது. நானும் சிரித்தேன். அண்ணன் தமாஷ் பண்ணினால் தம்பி சிரிப்பதுதான் குடும்ப மரியாதை. அதற்குப் பிறகு ஊரில் என் பெயர் பீஸ் ஆனது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட “பீஸ் மாமா” என்று வாய்நிறையக் கூப்பிட்டார்கள். எனக்கு அதனால் மனவருத்தம் எதுவும் இல்லை என்பதை இந்த இடத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்.

இந்தச் சித்திரையில், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வாக்கில் அண்ணன் போய்ச் சேர்ந்தார். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் இருந்தே கரண்ட் இல்லாத நாள். கரண்ட் வந்து கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது. விதி என்றார்கள். விதிக்கு எங்கள் பக்கம் ஆள் பலம் அதிகம். மதினி மீனம்மாள் மயங்கி விழுந்தார். அண்ணனுக்கு ஒரே மகன் எழிலரசன், சிங்கப்பூரில் ஏசி மெக்கானிக். வியாழக்கிழமை காலையில்தான் திருச்சியில் வந்து இறங்க முடியும் என்றான். மகன் வந்து முகம் பார்த்துக் கொள்ளி வைக்கட்டும், அதுவரை வைத்திருக்கலாம் என்று ஊர் பேசியது. போனில் அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டானாம். “மொகத்தை மட்டும் நான் பாக்கணும்மா. எப்படியாச்சும் வச்சிருங்க.”

கோபிநாத்தின் ஃப்ரீசர் பெட்டி வந்தது. ஊர் முழுக்க இழவுக்கு அவன் பெட்டிதான், பெட்டிக்கு சர்வீஸ் நான்தான். அன்றைக்கு அவனுக்கு வேறொரு சாவும் இருந்தது. “அண்ணே, நீங்க இருக்கீங்கள்ல, செட் பண்ணிக்கங்க” என்று இறக்கி வைத்துவிட்டுப் போனான். நான் செட் பண்ணினேன். ப்ளக் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள மூடியைத் திருகி, அதில் இருந்த மூன்று ஆம்பியர் T ஃபியூஸை எடுத்து மேல்சட்டைப் பையில் போட்டேன். மூன்று ஆம்பியர் F ஒன்றைச் சொருகினேன். எல்லோரும் பார்க்கத்தான் செய்தேன். துக்க வீட்டில் வேலை செய்கிறவனை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

சுவிட்சைப் போட்டதும் கம்ப்ரசர் ஒரு முனகல் முனகி நின்றது. பெட்டிக்குள் எரிகிற லைட்டும், சுற்றுகிற ஃபேனும் தனி லைன். லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது. ஜனங்களுக்கு அது போதும். கொட்டு மேளமும் ஒப்பாரியும் போட்டிபோட்ட அந்தக் கூட்டத்தில் கம்ப்ரசர் ஓடுகிறதா என்று யார் காது கொடுத்துக் கேட்பார்கள். மறுநாள் காலையில் கண்ணாடிக்குள் நீர் கோத்திருந்தது. பெட்டி வெந்து வேர்க்கிறது என்று நான் சொல்லவில்லை. “பாரு, எப்படிக் கூலாகுது” என்று அவர்களே பேசிக்கொண்டார்கள்.

சித்திரை வெயில். பத்து மணிக்கு ஊதுபத்தி கூடியது. பன்னிரண்டு மணிக்கு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு அழுதார்கள். ஒரு மணிக்கு முதல் வரிசையே காலி. எங்கள் ஊர்த் தலைக்கட்டு, அம்பலம் ராக்கன் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மகன் வர்ற வரைக்கும் வைக்கணும்தான் நல்லதம்பி. ஆனா இப்படி நாறவிட்டு வச்சிருக்கிறது அவருக்கு மரியாதையாப்பா?”

“நீங்க சொன்னாச் சரிங்கய்யா” என்றேன். பெரியவர் பேச்சைத் தட்டி எனக்குப் பழக்கம் இல்லை.

மதினி மட்டும் விடவில்லை. “எம்புள்ள வந்து கேட்டா நான் என்னத்தைக் காட்டுவேன்” என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு கதறினார். நாலு பேர் பிடித்து விலக்க வேண்டியிருந்தது. புதன்கிழமை நாலு மணிக்கு எடுத்தார்கள். மகன் இல்லாத இடத்தில் உடன்பிறந்த தம்பி கொள்ளி வைக்கலாம். நான் வைத்தேன். கொள்ளி வைத்தவனுக்குத்தான் அந்த வருஷம் கோயிலில் முதல் விபூதி. இது எங்கள் ஊர் வழக்கம். எழுதி வைத்த சட்டம் இல்லை, அதனால் யாரும் மீறுவதில்லை.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும் ஐயா. வைகாசித் திருவிழாவுக்கு இன்னும் முப்பது நாள்தான் இருந்தது. இந்த வருஷம் பரிவட்டம் என் தலையில். மைக்கில் என் பெயர். அந்த மைக்கை வாங்கி நான் என்ன பேசுவேன் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். தமாஷ் எதுவும் இல்லை, எல்லோருக்கும் வணக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொடுத்துவிடுவதாக இருந்தேன்.

அந்த F ஃபியூஸை ஏன் பெட்டியிலேயே விட்டுவைத்தாய், கெட்டிக்காரன் எடுத்திருப்பானே என்று நீங்கள் கேட்பீர்கள். அதைத்தான் கவனக்குறைவு என்று ரைட்டர் நினைத்துக்கொண்டார். கேளுங்கள். சுடுகாட்டில் இருந்து திரும்பும்போது வாசலில் பெட்டியைக் கழுவி டாடா ஏஸில் ஏற்றத் தயாராக வைத்திருந்தார்கள். கொள்ளிக்காகக் கழற்றி வீட்டில் வைத்திருந்த சட்டையின் பையில் பழைய T ஃபியூஸ் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு பெட்டிப் பக்கம் போனேன். ராக்கன் ஐயா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அட கூறுகெட்ட பயலே, கொள்ளி வச்சவன் மூணாம் நாள் வரைக்கும் இரும்பைத் தொடலாமா? கீழ போடு. அங்கிட்டுப் போயி ஒக்காரு.”

ஊரே பார்த்தது. மொட்டைத் தலையோடு, ஈர வேட்டியோடு, கீழே போட்டேன். வண்டி பெட்டியை ஏற்றிக்கொண்டு போவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ரெண்டு நிமிஷ வேலை. கொள்ளி வைக்காத வெறும் பீஸாக இருந்திருந்தால் மாற்றியிருப்பேன். மரியாதை கைக்கு வந்ததும் கை கட்டுப்பட்டுப் போய்விட்டது. இதில் என் கவனக்குறைவு எங்கே இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எழிலரசன் வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்தான். சாம்பலைப் பார்த்தான். முகம் பார்க்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். வீட்டில் பெரிய சைஸ் போட்டோ மாட்டியிருந்தோம், நல்ல தெளிவான போட்டோ, அதைப் பார்த்திருக்கலாம். பையன் பிடிவாதக்காரன், அப்பாவைக் கொண்டு பிறந்தவன். நேரே கோபிநாத்தின் ஷெட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்திருக்கிறான். பால் தெளிக்கிற அன்றைக்குப் பங்காளிகள் அத்தனை பேர் முன்னாலும் அந்த ஃபியூஸை உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

“சித்தப்பா, கம்ப்ரசர் லைன்ல எவனாச்சும் F போடுவானா? கண்ணு தெரியலைன்னா சொல்ல வேண்டியதுதானே. தெரியாத வேலைய ஏன் செய்யுறீங்க?”

தெரியாத வேலை. அந்த இடத்திலேயே பதில் சொல்லியிருப்பேன். பால் சொம்பு கையில் இருந்ததால் பேசவில்லை. அவன் உங்களிடம் புகார் கொடுத்தான். நீங்கள் கடையைச் சோதனை போட்டீர்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. குறை சொல்ல எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர.

பறிமுதல் பட்டியலில் “கண்ணாடி ஃபியூஸ், மூன்று ஆம்பியர், F, பத்து அடங்கும் டப்பாவில் எட்டு” என்று எழுதி, என்னிடம் காட்டிக் கையெழுத்தும் வாங்கினீர்கள். டப்பா சித்திரை பிறந்து வாங்கியது. எங்கள் பக்கம் F யாரும் கேட்பதில்லை, திருச்சியில் சொல்லி வரவழைத்தேன். பெட்டியில் இருந்து எழிலரசன் எடுத்தது ஒன்று. பத்தில் ஒன்று போனால் எத்தனை என்று ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். நாலு நாளாக இந்த ஸ்டேஷனில் மூன்று நட்சத்திரம் வைத்தவர் முதல் வாசல் சென்ட்ரி வரை ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. நான் போய்க் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

அண்ணன் ரெண்டு வருஷமாக ஆக்சிஜன் மிஷினில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். காற்றில் இருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாய்க்கு அனுப்புகிற மிஷின். அதற்குள்ளும் ஒரு கம்ப்ரசர். கரண்ட் போனால் சிலிண்டர். வீட்டில் ரெண்டு சிலிண்டர் உண்டு. அதற்கும் சர்வீஸ் நான்தான். வேறு எதற்கும் ஆகாவிட்டாலும் இதற்கு ஆவேன் இல்லையா.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது முதல் மாலை அஞ்சு வரை மின்தடை என்று பேப்பரிலேயே போட்டிருந்தார்கள். ஒன்பதரை மணிக்குப் போனேன். அண்ணன் சிலிண்டரில் இருந்தார். மிஷின் சும்மா நின்றது. ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டினேன். ஃபியூஸையும் மாற்றினேன். “என்னடா பீஸு, மிஷினுக்குப் பண்டுவம் பலமா இருக்கு” என்றார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். அந்த நிலைமையிலும் தமாஷ் விடவில்லை. காலியாக இருந்த இன்னொரு சிலிண்டரை நிரப்பிக்கொண்டு வருகிறேன் என்று வண்டியில் ஏற்றினேன். மாட்டியிருந்த சிலிண்டர் அஞ்சு மணியைத் தாண்டாது என்று முள்ளைப் பார்த்தே தெரிந்தது. “கரண்டு வந்துட்டா மிஷின் இருக்குல்ல மதினி, பயப்படாதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

மூன்று மணிக்கெல்லாம் நிரப்பியாகிவிட்டது. பொன்னமராவதியில் டீக்கடையில் உட்கார்ந்தேன். நாலே முக்காலுக்கு ஊரில் கரண்ட் வந்திருக்கிறது. மதினி மிஷினைப் போட்டிருக்கிறார், அது ஒரு முனகலோடு நின்றிருக்கிறது, சிலிண்டரும் தீரப்போகிற நேரம். அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் வர ஆரம்பித்தது. பதினோரு தடவை அடித்தது. சைலண்டில் வைத்து மேஜை மேல் வைத்திருந்தேன், ஒவ்வொரு தடவையும் நடுங்கி நடுங்கி டீ கிளாஸ் வரைக்கும் நகர்ந்தது. ரெண்டாவது டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினேன். அஞ்சு இருபதுக்கு வீட்டு வாசலில் இருந்தேன். நான் கொண்டுவந்த சிலிண்டர் முழுசாக இருந்தது.

அண்ணனைச் சுற்றி எல்லோரும் அலறிக்கொண்டிருந்தார்கள். நான் மிஷின் பக்கம் போனேன். F-ஐ எடுத்துவிட்டு, காலையில் இருந்து பையிலேயே வைத்திருந்த T-ஐப் போட்டேன். ரெண்டு நிமிஷம். மிஷின் அழகாக ஓடியது, ஆக்சிஜன் வந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. “ஹை வோல்டேஜ் வந்திருக்கும்” என்றேன். கரண்ட்காரர்களைத் திட்டினார்கள்.

மதினி என் ரெண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “நீங்க மட்டும் பக்கத்துல இருந்திருந்தா அவுக பொழச்சிருப்பாக தம்பி. ஒங்க கைராசி அப்படி” என்று அழுதார். இருபத்தேழு வருஷத்தில் அந்த வீட்டில் என் தொழிலை மதித்து ஒருத்தர் சொன்ன முதல் வார்த்தை அதுதான் ஐயா. எனக்கே கண் கலங்கிவிட்டது.

அந்தப் பத்தாவது ஃபியூஸைத் தேடி அலைய வேண்டாம். கடையில் சாமி படத்துக்குக் கீழே விபூதி டப்பாவில் இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பாருங்கள். கண்ணாடியில் துளிக் கரி இருக்காது, கம்பி நடுவில் மட்டும் சுத்தமாக அறுந்திருக்கும். மிஷினுக்கு ஒரு சேதாரமும் இல்லை, இன்றைக்கும் ஓடும். யாருக்காவது தேவைப்பட்டால் மதினியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாவம், அது சும்மாதான் கிடக்கிறது.

கொலை என்று எழுதுவீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் தொழிலில் நான் தலையிட மாட்டேன். ரைட்டரின் தாளில் அந்தக் ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டுக் கொடுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன்.